பிள்ளையை அழைத்துவர வெளிநாடு போகிறவர்களுக்கு: தத்தெடுப்புப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தத்தெடுக்க வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளில் பாதி காகிதங்களைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி விமானம், தங்கும் இடம், மூட்டை முடிச்சு. பிள்ளையைப் பற்றிய கேள்விகள் கடைசியில்தான் வரும். பயணம் நடக்கிற வரிசையும் அதுதான் என்பதால் கேள்விகளின் வரிசையை மாற்றவில்லை. எதற்கு எவ்வளவு இடம் என்பதை மட்டும் மாற்றியிருக்கிறேன். சட்ட நடைமுறை நாட்டுக்கு நாடு வேறு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் நாட்டில் தத்தெடுப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு சொல்வதே முடிவு.

பயணம் எந்தக் கட்டத்தில் வரும்?

ஏறக்குறைய கடைசியில். முதலில் உங்கள் வீட்டில் குடும்ப ஆய்வு நடக்கும். சமூகப் பணியாளர் வந்து வருமானம், உடல்நலம், காவல்துறைச் சான்று, கணவன் மனைவிக்குள் இருக்கும் ஒத்துழைப்பு எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதுவார். அது பிள்ளையின் நாட்டுக்குப் போகும். அங்கிருந்து ஒரு பிள்ளையைப் பற்றிய அறிக்கை உங்களுக்கு வரும். நீங்கள் சம்மதிக்க வேண்டும், இரண்டு நாட்டு அதிகாரிகளும் சம்மதிக்க வேண்டும், பிள்ளை உங்கள் நாட்டில் நிரந்தரமாக வாழ அனுமதி உண்டு என்பது உறுதியாக வேண்டும். இவை எல்லாம் முடிந்தால்தான் அந்தப் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கும் முடிவை அங்கே எடுக்க முடியும்.

இந்த வரிசையை வகுத்தது 1993 மே 29-இல் உருவான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை. 1995 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்திருக்கின்றன. பயணத்தைப் பற்றியும் அதன் 19-ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு: பிள்ளை நாடு மாறுவது பாதுகாப்பாக, தகுந்த சூழ்நிலையில், முடிந்தவரை பெற்றோராகப் போகிறவர்களின் துணையோடு நடக்க வேண்டும். முன்பெல்லாம் பல பிள்ளைகள் முன்பின் தெரியாத ஒருவர் கையில் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள். நீங்களே நேரில் போக வேண்டியிருப்பதை அலைச்சலாக நினைக்காதீர்கள்.

நாங்களே போய்ப் பார்த்து ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. சொந்தத்துக்குள் நடக்கும் தத்து தவிர, பிள்ளை தத்துக்கு உரியது என்று உறுதியாகி, சம்மதங்கள் பெறப்பட்டு, நீங்கள் தகுதியானவர்கள் என்று முடிவாகும்வரை, பிள்ளையின் பெற்றோரையோ பிள்ளையை வைத்திருப்பவர்களையோ நீங்கள் தொடர்புகொள்ளவே கூடாது என்கிறது 29-ஆம் பிரிவு. சில நாடுகள் தங்கள் விதிகளுக்கு உட்பட்டு முன்கூட்டியே ஒரு சந்திப்பை அனுமதிக்கும். அது அந்த நாட்டு அரசு ஏற்பாடு செய்கிற சந்திப்பு. “வாருங்கள், பத்துப் பிள்ளைகளைக் காட்டுகிறேன்” என்று ஒரு தரகர் அழைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டுக்குப் போகலாம்?

நீங்கள் விரும்புகிற நாடு உங்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டு வருகின்றன. குவாத்தமாலா 2007 முடிவில் நிறுத்தியது. ரஷ்யா 2013 முதல் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தடை விதித்தது. எத்தியோப்பியா 2018-இல் வெளிநாட்டுத் தத்தையே தடை செய்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு மட்டும் 80,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பிய சீனா, நெருங்கிய இரத்த உறவு போன்ற விதிவிலக்குகளைத் தவிர 2024-இல் முழுவதும் முடித்துக்கொண்டது. பிள்ளையின் படத்தை வீட்டில் மாட்டிவைத்து ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களும் அந்த அறிவிப்போடு நின்றுபோயின. ஏற்கும் நாடுகளும் பின்வாங்குகின்றன. புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்று நெதர்லாந்து 2024-இல் அறிவித்தது. அமெரிக்காவுக்கு 2004-இல் சுமார் 23,000 பிள்ளைகள் தத்து வந்தார்கள். 2023-இல் 1,300-க்கும் குறைவு.

ஆகவே இன்று தத்துக்குக் காத்திருப்பவர்களில் கைக்குழந்தைகள் குறைவு. வளர்ந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்களாக இருவர் மூவர், மருத்துவத் தேவை உள்ளவர்கள்தான் அதிகம். “ஆரோக்கியமான, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை” என்ற எண்ணத்தோடு விண்ணப்பிப்பவர்களிடம் இதை யாராவது முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

எத்தனை முறை போக வேண்டும்? எத்தனை நாள் தங்க வேண்டும்?

நாட்டைப் பொறுத்தது. பல்கேரியாவுக்கு இரண்டு பயணம்: முதல் முறை பிள்ளையோடு பழகிப் பார்க்கச் சில நாட்கள், பிறகு சில மாத இடைவெளி, இரண்டாவது முறை அழைத்துவர. கொலம்பியாவில் ஒரே பயணம், ஆனால் பல வாரங்கள். இரண்டு பயணம் என்றால், முதல் பயணத்தின் முடிவில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். பிள்ளைக்கு அது இன்னொரு கைவிடல்போலத் தோன்றக்கூடும். உங்கள் குரல் பதிந்த பொம்மை, குடும்பப் படங்கள், எப்போது வருவீர்கள் என்று குறித்த நாட்காட்டி ஆகியவற்றை விட்டு வாருங்கள். காப்பகம் அனுமதித்தால் வாரம் ஒருமுறை காணொளியில் பேசுங்கள்.

அலுவலக விடுப்பைத் திட்டத்துக்கு மேல் தாராளமாகக் கேட்டு வையுங்கள். ஒரு கையெழுத்துக்காக ஒரு வாரம் காத்திருப்பது இந்தப் பயணத்தில் சாதாரணம். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

பிள்ளையின் மருத்துவக் கோப்பில் என்ன பார்ப்பது?

நீங்கள் பார்ப்பதைவிட, தத்துப் பிள்ளைகளின் கோப்புகளைப் படித்துப் பழகிய குழந்தை மருத்துவர் பார்ப்பதுதான் முக்கியம். சம்மதம் சொல்வதற்கு முன்பே காட்டிவிடுங்கள். ஒரே ஒரு எடை அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் எடுத்த எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றும் வேண்டும். தலைச் சுற்றளவு வளராமல் நிற்பதை மருத்துவர்கள் கவலையோடு பார்ப்பார்கள். கர்ப்ப காலத்தில் தாய் மது குடித்திருந்தால் முகத்தில் சில அடையாளங்கள் தெரியலாம்: மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே பள்ளமில்லாத வழவழப்பு, சிறிய கண் திறப்பு. புகைப்படத்தில் கூட அனுபவமுள்ள மருத்துவர் கவனிப்பார். ஆனால் படத்தை வைத்து அவர் உறுதி சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது.

காப்பகத்தில் வளரும் பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல் இருப்பது மிகவும் பொதுவானது. காப்பகத்தில் கழியும் மூன்று மாதத்துக்கு ஒரு மாத வளர்ச்சி பின்தங்கும் என்பது இந்தத் துறை மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. குடும்பத்துக்கு வந்தபின் பெரும்பாலான பிள்ளைகள் வேகமாக எட்டிப் பிடிக்கிறார்கள்.

பிள்ளை நேர்மையான வழியில்தான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியைக் கேட்க ஏனோ பலருக்குக் கூச்சம். கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம். ஆனால் இருபது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளை இதைக் கேட்கும். அப்போது உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

தென்கொரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அங்கிருந்து மேலை நாடுகளுக்குத் தத்துப் போனார்கள். பெற்றோர் இருக்கும்போதே அநாதை என்று பதிந்தது, ஒரு பிள்ளையின் அடையாளத்தில் இன்னொரு பிள்ளையை அனுப்பியது போன்றவை நடந்ததாக அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் அறிவித்தது. 1970-களிலும் 80-களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதை. தங்கள் அதிகாரிகள் அந்த முறைகேடுகளைத் தடுக்கத் தவறினார்கள் என்று சுவிட்சர்லாந்து அரசு 2020-இல் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. தத்தெடுத்த பெற்றோரில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது. கையில் இருந்த காகிதத்தை நம்பினார்கள்.

ஹேக் உடன்படிக்கை பிறந்ததே இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்துதான். முதலில் பிள்ளையின் சொந்த நாட்டிலேயே குடும்பம் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பெற்றவர்களின் சம்மதம் எழுத்தில், வற்புறுத்தலோ பணமோ இல்லாமல் வந்திருக்க வேண்டும். தாயின் சம்மதம் பிள்ளை பிறந்த பிறகே பெறப்பட்டிருக்க வேண்டும். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கேட்டிருக்க வேண்டும். இவை நான்கும் 4-ஆம் பிரிவில் இருக்கின்றன. தத்தெடுப்பை ஏற்பாடு செய்யும் உங்கள் முகமையிடம் கேளுங்கள்: பிள்ளை காப்பகத்துக்கு எந்தத் தேதியில், யாரால், எந்த ஊரிலிருந்து வந்தது? உள்நாட்டில் குடும்பம் தேடியதற்கு ஆவணம் எங்கே? கண்டெடுக்கப்பட்ட பிள்ளை என்றால் போலீஸ் பதிவு இருக்கிறதா? “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது பதிலல்ல. ஒரே காப்பகத்திலிருந்து வரும் பிள்ளைகளின் கதைகள் எல்லாம் அச்சடித்ததுபோல ஒன்றாகவே இருந்தாலும் சந்தேகப்படலாம்.

அங்கே யாருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா?

எழுத்தில் இல்லாத எந்தத் தொகையும் வேண்டாம். செலவுகளும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் தவிர இந்தக் காரியத்தில் யாரும் பணம் பார்க்கக் கூடாது என்கிறது 32-ஆம் பிரிவு. மொத்தச் செலவையும் கிளம்பும் முன்பே வரிவரியாக எழுதி வாங்குங்கள். அங்கே போனபின் “கோப்பு சீக்கிரம் நகர” என்று யாராவது கேட்டால் மறுத்துவிட்டு, உங்கள் முகமைக்கும் அரசு அமைப்புக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். காப்பகத்துக்கு உதவ ஆசை இருந்தால் தத்து முடிந்து ஊர் திரும்பி, ஒரு வருடம் கழித்துச் செய்யுங்கள்; அப்போதும் அந்த ஆசை இருக்கும். ஆயாக்களுக்குச் சின்ன அன்பளிப்பு கொடுக்கலாமா என்பதை முகமையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

ஏழெட்டு வயதுக்கு மேல், காத்திருக்கத் தெரிந்த பிள்ளை என்றால் போகலாம். பல சமயம் புதிதாக வரும் பிள்ளை பெரியவர்களிடம் வருவதற்கு முன்பு அக்காவிடமோ அண்ணனிடமோ போய் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பிள்ளை என்றால் யோசிக்க வேண்டும். ஒருவர் முழு நேரமும் புதிய பிள்ளையோடு இருக்கும்போது இன்னொருவர் கையில் அலுத்துப்போன ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அலுவலக வரிசையிலும் அதை வைத்திருக்க வேண்டும். பாட்டியோ சித்தியோ கூட வர முடிந்தால் நல்லது, ஆனால் அவர்கள் மூத்த பிள்ளையைக் கவனிக்க மட்டும்தான் வருகிறார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். புதுப் பிள்ளையைத் தூக்கக் கை நீளுவது இயல்பு. முதல் நாட்களில் அதைத் தவிர்க்க வேண்டும். காரணம் கீழே வருகிறது.

முதல் சந்திப்பு எப்படி இருக்கும்?

நீங்கள் பார்த்திருக்கும் காணொளிகள் போல இருக்காது. ஓர் அலுவலக அறை, மேசைமேல் காகிதங்கள், முகமையின் ஆள், மொழிபெயர்ப்பாளர், கதவோரம் ஓர் ஆயா. பிள்ளையை உள்ளே அழைத்து வருவார்கள். அது அழலாம், கத்தலாம், ஆயாவின் புடவையையோ பாவாடையையோ பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கலாம். அல்லது ஒன்றுமே செய்யாமல் உங்கள் மடியில் வந்து உட்கார்ந்துவிடலாம். பார்ப்பவர்கள் “எவ்வளவு சமர்த்து!” என்பார்கள். உண்மையில், அழுகிற பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்காகத்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். யாரையும் இழக்காதவர்கள் அழுவதில்லை. அழுகிற பிள்ளைக்கு ஒருவரிடம் பற்று இருந்திருக்கிறது, அந்தப் பற்று உங்கள் பக்கமும் வளரும். யாரிடமும் தயக்கமில்லாமல் போகும் பிள்ளை இன்னும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

உங்களைப் பொறுத்தவரை அது ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள். பிள்ளைக்கோ, தெரிந்த முகம், தெரிந்த கட்டில், தெரிந்த வாசனை எல்லாம் ஒரே நாளில் பறிபோகிற நாள். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ளத் தெரிந்த பெற்றோருக்குப் பயணம் எளிதாகிறது. ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், பக்கவாட்டில். கண்ணையே உற்றுப் பார்க்க வேண்டாம். ஒரு பந்து, ஒரு பிஸ்கட், சோப்புக் குமிழி போதும். ஆயாவைக் கொஞ்ச நேரம் கூடவே இருக்கச் சொல்லுங்கள். அவர் உங்களோடு சிரித்துப் பேசுவதைப் பிள்ளை பார்க்கட்டும். படம் எடுப்பதை மொழிபெயர்ப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

பிள்ளை ஒருவரிடம் மட்டும் போகிறது, மற்றவரைக் கிட்டவே விடுவதில்லை. என்ன செய்வது?

மிகவும் சாதாரணம். காப்பகத்தில் ஆண்களையே பார்த்திராத பிள்ளை அப்பாவைக் கண்டு மிரளும். பெண்கள் பலர் மாறி மாறிப் பார்த்த இடமென்றால், அப்பா புதுமையாக இருப்பதாலேயே அவரிடம் ஒட்டும். அம்மா ஓட்டல் அறையில் தனியாக அழுதுகொண்டிருப்பார். தள்ளப்பட்டவர் விலகிப் போகாமல், அருகிலேயே சும்மா இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை அவர் கையால் கொடுக்கட்டும். சில வாரங்களில் மாறும், சிலருக்குச் சில மாதங்கள்.

காப்பகத்தில் என்னவெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பயணம் என்று நான் நினைக்கிறேன். காகிதங்களைத் தபாலில் அனுப்பிவிடலாம். இது தபாலில் வராது.

இன்றைக்குத் தேவையானது முதலில். என்ன சாப்பிடும், எவ்வளவு சூடாக, கரண்டியா புட்டியா? எத்தனை மணிக்குத் தூங்கும், விளக்கோடா இருட்டிலா, தனியாகவா பக்கத்தில் ஆள் வேண்டுமா? அழுதால் எப்படித் தேற்றுவார்கள், என்ன பாட்டு? அதைச் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். எந்தப் பெயரில் கூப்பிடுவார்கள்? கூட விளையாடும் பிள்ளை யார்? பயப்படுவது எதற்கு? இவற்றுக்குப் பதில் இயக்குநரிடம் இருக்காது. இரவுப் பணி ஆயாவிடம் இருக்கும். அவரிடம் பத்து நிமிடம் பேசக் கேளுங்கள். பிள்ளை போட்டிருந்த சட்டையையோ போர்த்திய துணியையோ கேட்டு வாங்கி, துவைக்காமல் வையுங்கள். புதுச்சட்டை மாட்டி அழைத்துப்போகும் ஆசையை ஒரு நாள் தள்ளிப்போடலாம்.

பிறகு, பதினைந்து ஆண்டு கழித்துத் தேவைப்படுவது. கட்டில், சாப்பாட்டுக் கூடம், வாசல், தெருப் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் படமெடுங்கள். அங்கே இருக்கும் மற்றப் பிள்ளைகளின் முகங்களை வெளியே பகிராதீர்கள். உங்கள் பிள்ளைக்காக மட்டும், அனுமதியோடு. பிள்ளை பிறந்த ஊர், கண்டெடுக்கப்பட்ட இடம் என்று ஆவணம் எதைச் சொல்கிறதோ அங்கே ஒருமுறை போய் வாருங்கள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மருத்துவமனைச் சுவர். ஆனாலும் “நாங்கள் அங்கே போய் நின்றோம்” என்று பின்னால் சொல்ல முடிவது வேறு. உடன்பிறந்தவர்கள் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கோப்பில் உள்ள ஒவ்வொரு பக்கத்தையும், உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தாலும், படியெடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பூர்வீகத் தகவல்களை அரசுகள் பாதுகாக்க வேண்டும் என்று 30-ஆம் பிரிவு சொல்கிறது. காப்பகம் மூடும், அலுவலகத்தில் தீப்பிடிக்கும், கோப்பு தொலையும். உங்கள் படி உங்களிடம் இருக்கட்டும்.

பெற்ற தாயைச் சந்திக்கலாமா?

சட்டமும் அவரும் அனுமதித்தால், தவறவிடாதீர்கள். தத்தெடுப்பவர்கள் பயப்படுகிறார்கள், புரிகிறது. அவர் பிள்ளையைத் திரும்பக் கேட்பாரோ, பிற்காலத்தில் பிள்ளை அவரிடமே போய்விடுமோ என்று. சந்திப்பில் வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள், குறிப்பாகப் பணம் அனுப்புவதாகவோ, பெரியவனானதும் அனுப்பிவைப்பதாகவோ. அது தத்து என்றால் என்ன என்பதைப் பற்றிய அவர் புரிதலையே மாற்றிவிடும். பிள்ளை சில ஆண்டு படித்துவிட்டுத் திரும்பும் என்று நம்பிக் கையெழுத்திட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆகவே மொழிபெயர்ப்பாளர் மூலம் அவருக்கு எல்லாம் சரியாகப் புரிந்திருக்கிறதா என்று நீங்களும் கவனியுங்கள். புரியவில்லை என்று தோன்றினால், எவ்வளவு கடினமாக இருந்தாலும், அங்கேயே அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

பசி, வலி, தண்ணீர், சிறுநீர், தூக்கம், போதும், அம்மா, அப்பா, பயப்படாதே, திரும்பி வருவேன். பிள்ளையின் மொழியில் இவ்வளவு தெரிந்தால் முதல் வாரம் ஓடிவிடும். பேசத் தெரிந்த பிள்ளை என்றால் பயணம் முழுக்கத் தினமும் ஒரு மணி நேரமாவது மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அது பிள்ளை உங்களிடம் கேள்வி கேட்பதற்காக.

புது வீட்டுக்கு வந்த சில மாதங்களில் பழைய மொழி வியக்கத்தக்க வேகத்தில் மங்கிவிடும். முற்றிலும் அழிவதில்லை போலிருக்கிறது. மான்ட்ரியாலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையாகச் சீனாவிலிருந்து தத்து வந்து, சீனமொழியை முழுக்க மறந்துபோன சிறுமிகளுக்குச் சீன ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். அவர்கள் மூளை, சீனம் பேசிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளின் மூளையைப் போலவே இயங்கியது.

பெயரை மாற்றலாமா?

சட்டப்படி பெரும்பாலும் முடியும். ஆனால் பழைய பெயரைப் புதுப் பெயரோடு சேர்த்தாவது வையுங்கள். ஊரிலிருந்து பிள்ளை கொண்டுவரும் சொத்து அநேகமாக அது ஒன்றுதான்.

நீதிமன்றத்தில் என்ன கேட்பார்கள்?

ஏன் தத்து, ஏன் இந்த நாடு, பிள்ளையின் உடல்நிலை தெரியுமா, பிள்ளையின் பூர்வீகத்தை மறைப்பீர்களா சொல்வீர்களா. சுருக்கமாக, உண்மையாகச் சொன்னால் போதும். எல்லா நாட்டிலும் நீதிபதிதான் முடிவெடுப்பார் என்பதில்லை. இந்தியாவில் 2022 முதல் மாவட்ட ஆட்சியர் தத்து உத்தரவு பிறப்பிக்கிறார். சில நாடுகளில் உத்தரவுக்குப் பிறகு மேல்முறையீட்டுக்கான நாட்கள் கழியும்வரை பிள்ளையோடு வெளியேற முடியாது. இதைக் கணக்கில் சேர்க்காமல் டிக்கெட் போட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

ஹேக் நாடுகள் என்றால், உத்தரவோடு 23-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழும் வாங்க வேண்டும். தத்து உடன்படிக்கைப்படி நடந்தது என்று சொல்லும் காகிதம் அது. அது இருந்தால் மற்ற உறுப்பு நாடுகளும் இந்தத் தத்தை ஏற்றாக வேண்டும். விமானம் ஏறுமுன் பெயர், பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் திரும்பியபின் திருத்துவது பெரும்பாடு.

அங்கே போனபின் மனம் ஒப்பவில்லை என்றால்?

யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் ஓட்டல் அறையில் இரவு இரண்டு மணிக்கு நிறையப் பேர் இதை நினைத்திருக்கிறார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, களைப்பும் பயமும், பிள்ளைமேல் பாசம் பொங்கவில்லையே என்ற அதிர்ச்சியும். பாசம் சிலருக்கு மாதக்கணக்கில் பிந்தி வரும். தூங்குங்கள், அந்தக் கேள்வியைக் காலையில் பாருங்கள். திரும்பி வந்தபிறகும் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். பிரசவித்த தாய்க்கு வருவதுபோலத் தத்தெடுத்தவர்களுக்கும் மனச்சோர்வு வரும், அப்பாக்களுக்கும்தான்.

இன்னொன்று, கோப்பில் சொல்லாத பெரிய விஷயம் நேரில் தெரிவது. உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், காணொளி அனுப்புங்கள், முகமையிடம் அவகாசம் கேளுங்கள். உங்களால் வளர்க்க முடியாது என்று தெளிவானால் உத்தரவுக்கு முன்பே சொல்லிவிடுவது, இரண்டு வருடம் கழித்துக் கைவிடுவதைவிடப் பிள்ளைக்குச் செய்யும் சிறிய தீங்கு.

விமானத்தில் எப்படி?

இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். பெல்ட் போட்டால் அலறும் பிள்ளைகள் உண்டு. முந்தைய நாட்களில் காரில், நாற்காலியில் விளையாட்டாகப் பழக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், ஏதாவது சப்பவோ மெல்லவோ கொடுங்கள். நேரடி விமானம் கிடைத்தால் விலையைப் பார்க்காதீர்கள். தூதரகம் மூடி முத்திரையிட்ட உறை கொடுத்தால் பிரிக்கவே கூடாது; குடிவரவு அதிகாரிதான் பிரிக்க வேண்டும். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

வீடு வந்ததும் சொந்தக்காரர்களை அழைக்கலாமா?

விமான நிலையத்துக்கு மாலையும் பலூனுமாகக் கூட்டம் வேண்டாம். முதல் சில வாரம், முடிந்தால் சில மாதம், ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, அழுதால் தூக்குவது எல்லாம் பெற்றோர் இருவர் மட்டுமே. தாத்தா பாட்டிக்கு இது மனத்தாங்கலாக இருக்கும். அவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள்: பணிமுறைக்கு ஒருவராகக் கைமாறி வளர்ந்த பிள்ளைக்கு, மாறாத இருவர் உண்டு என்பதே புதிய செய்தி. அதைக் கற்கும் நேரத்தில் ஆளுக்கு ஆள் கைமாற்றினால் வீடும் இன்னொரு காப்பகமாகத்தான் படும். அவர்கள் சமைத்துக் கொண்டுவந்து தரலாம், மூத்த பிள்ளையை வெளியே அழைத்துப் போகலாம். அதுவே பெரிய உதவி.

இது வெறும் கருத்தல்ல. ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஓர் ஆய்வு 136 காப்பகக் குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப்பேரைக் குடும்பங்களில் வளரவிட்டது. குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்கள் பற்றுறவில் அதிகம் தேறினார்கள். அதற்குப் பிந்திப் போகும் பிள்ளைக்கு வழி அடைபட்டது என்று பொருளல்ல, பெற்றோருக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும் என்றுதான் பொருள்.

மருத்துவரிடம் எப்போது?

காய்ச்சலோ வேறு அவசரமோ இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள். இரத்தசோகை, காசநோய், ஹெபடைடிஸ் பி மற்றும் சி, எச்ஐவி, சிபிலிஸ், குடற்புழு, ஈயம், தைராய்டு, கண், காது என்று பட்டியல் நீளம். அங்கே எடுத்த பரிசோதனை முடிவு கையில் இருந்தாலும் திரும்பச் செய்வார்கள். ஹெபடைடிஸ் ஏ பரவலாக உள்ள நாட்டிலிருந்து பிள்ளை வருகிறதென்றால், வீட்டில் நெருங்கிப் பழகப் போகிறவர்கள் எல்லோரும், பயணம் செய்யாதவர்கள் உட்பட, முன்கூட்டியே அதற்கான தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு அந்த நோய் அறிகுறியே இல்லாமல் இருந்து பெரியவர்களுக்குத் தொற்றும்.

தத்து முடிந்தால் குடியுரிமை தானாக வந்துவிடுமா?

வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டதால் வாழ்க்கை குலைந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2000-இல் இயற்றப்பட்டு 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், அன்று 18 வயது நிறையாத தத்துப் பிள்ளைகளுக்கு, நிபந்தனைகள் நிறைவேறினால், தானாகக் குடியுரிமை தந்தது. அதற்கு முன்பே 18-ஐத் தாண்டியவர்களை விட்டுவிட்டது. கைக்குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்து, நடுத்தர வயதில் தாங்கள் குடிமக்களே அல்ல என்று தெரிந்துகொண்டவர்களும், பிறந்த நாட்டுக்கே நாடுகடத்தப்பட்டவர்களும் உண்டு. பெற்றோர் ஒரு விண்ணப்பத்தைப் போடாமல் விட்டதுதான் பலருடைய விஷயத்தில் நடந்தது.

எந்த விசாவில் பிள்ளை உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்து, குடியுரிமை இறங்கிய அன்றே வருகிறதா, உள்நாட்டில் மறுபடி தத்து உத்தரவு வாங்கிய பிறகா, தனி விண்ணப்பத்துக்குப் பிறகா என்பது மாறும். கிளம்பும் முன்பே வழக்கறிஞரிடம் கேளுங்கள். தானாக வந்தாலும் அதற்கான சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாக வாங்குங்கள். பிள்ளையின் பிறந்த நாட்டுக் குடியுரிமை என்னவாகும் என்பதையும் அந்த நாட்டுத் தூதரகத்தில் விசாரியுங்கள். பின்னால் அங்கே போய்வர விசா வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

திரும்பியபின் அந்த நாட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமா?

பெரும்பாலான நாடுகள் கேட்கும். இந்தியா இரண்டு ஆண்டுகள் வரை கேட்கிறது. தத்தை அனுமதித்த காலத்தில் எத்தியோப்பியா பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை ஆண்டுதோறும் கேட்டது. படங்களோடு, சமூகப் பணியாளர் எழுதிய அறிக்கை. பல குடும்பங்கள் இரண்டாவது அறிக்கையோடு நிறுத்திவிடுகின்றன. அறிக்கை வராததைக் காரணமாகச் சொல்லி நாடுகள் தத்தை நிறுத்திவைத்ததும் உண்டு. அப்போது நின்றுபோவது, அங்கே அடுத்த வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் கோப்பு. தேதிகளை நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள், ஒவ்வொரு அறிக்கையின் படியையும் பிள்ளையின் கோப்பிலேயே வையுங்கள்.